கழுவிய கூனி

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பாதி மறந்தும் போயிற்று, பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல வெட்கமாக இருப்பதால்தான் எழுதுகிறேன்.

சண்டைக் காலம். செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டின் பின்னறையில் ஒரு மலாய்க் குடும்பம் வாடகைக்கு இருந்தது. புருஷன் அரிசி ஆலையில் இயந்திரம் பார்ப்பவர். பெண்சாதி அம்பாந்தோட்டைப் பிள்ளை, என்னை அக்கா என்பாள். அவள் வயிற்றில் மூன்று மாதம் இருக்கும்போது, தாய்க்குச் சுகமில்லையென்று புருஷன் ஊருக்குப் போனார். பிறகு ஆமிக்காரர்கள் பாதையைப் பூட்டிவிட்டார்கள்.

அவளுக்கு எதைத் தின்றாலும் சத்தி. கஞ்சிகூட நிற்காது. போத்தலில் கொண்டுவந்திருந்த பெலாச்சானில் கொஞ்சம் எடுத்து நெருப்பில் சுட்டு, கொச்சிக்காயும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்து அரைத்துக் கொடுத்தால் மட்டும் நாலு வாய் சோறு இறங்கும். கூனி இறாலை உப்போடு இடித்து, வெயிலில் வைத்துப் புளிக்கவிட்ட கட்டி அது. பெயரைச் சரியாக எழுதுகிறேனோ தெரியாது. நாங்களும் கூனி தின்கிறவர்கள்தான், ஆனாலும் அது சுடுபடும்போது என் மாமி மூக்கைப் பொத்திக்கொள்வா. "இந்த மணத்துக்கு ஆமியும் வளவுக்குள்ள வராது கா" என்பா. அவளும் சேர்ந்து சிரிப்பாள். போத்தலின் அடி தெரியத் தொடங்கியதும் இரண்டு பேரும் சிரிப்பதை விட்டார்கள்.

வாவியில் இறங்க அப்போது தடை. ஒருநாள் காலையில் மட்டும் விட்டார்கள். அத்தாங்கு வலையைக் கொண்டுபோய் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒரு கூடை கூனி வடித்து வந்தேன். அவளால் எழும்ப ஏலாது. படுத்தபடியே சொல்லித் தந்தாள்: உடனே உப்புப் போட்டு இடிக்க வேண்டும், காயவிட வேண்டும், திரும்பவும் இடிக்க வேண்டும்.

"வேற ஒண்டும் செய்ய வேணாம் அக்கா."

வேறொன்றும் செய்யவில்லை என்றுதான் நானும் நினைத்தேன். கூனியைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் மூன்று தண்ணீரில் அலசினேன். கழுவாமல் போட்டால் மண் கடிபடும். எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிச் சமைக்க மாட்டார்கள். பிறந்த வீட்டிலிருந்து பழகிய கை. பிறகுதான் உப்புப் போட்டு இடித்துப் பாயில் பரப்பினேன்.

இரண்டு நாள் நல்ல வெயில். மூன்றாம் நாள் ஆமிக்காரர்கள் ஊரைச் சுற்றிவளைத்து எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூப்பிட்டார்கள். அவளும் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மறுநாள் பின்னேரம்வரை அங்கேயே இருத்தினார்கள். இடையில் மழையும் தூறியது. நான் தலையை மறைக்காமல் பாயையே நினைத்துக்கொண்டு இருந்தேன்.

வீட்டுக்கு வந்து முகர்ந்து பார்த்தேன். எனக்கு அது போத்தலில் வந்த மணம் போலவே இருந்தது. சரிவந்துவிட்டது என்று ஒரு சிரட்டையில் அள்ளிக்கொண்டு ஓடினேன். நான் வாசலில் நிற்கும்போதே அவள் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள்.

"இது பழுதாப் போன மணம் அக்கா. உப்பில்லாத நல்ல தண்ணி ஏதும் பட்டதா?"

கிணறு அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"மழை பட்டது" என்றேன். மழை பட்டதும் உண்மைதானே.

"மழைக்கு நாம என்னத்தச் செய்யிற" என்று என் கையைப் பிடித்து அவள்தான் என்னைத் தேற்றினாள்.

வாவிக்குத் திரும்பவும் தடை. என் புருஷன் இரண்டு தரம் கரைவரை போய்த் திரும்பி வந்தார். போத்தலில் சுடுதண்ணீர் ஊற்றிக் குலுக்கி அவளுக்குக் கொடுத்தேன், அதுவும் முடிந்தது. அவள் கைக்காப்பு முழங்கைவரை ஏறி இறங்கியது. கடைசியில் அவள் புருஷன் எப்படியோ ஒரு லொறியில் வந்து சேர்ந்தார். நான்தான் அவளைத் தூக்கி ஏற்றினேன். பாரமே இல்லை. இப்போதாவது சொல்லிவிடு என்று மனம் அடித்துக்கொண்டது. "போட்டு வாறன் அக்கா" என்றாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். பிள்ளை பிறந்ததா என்று இன்றுவரை தெரியாது.

எத்தனை நாள் காயவிடுவது, எவ்வளவு உப்பு என்றெல்லாம் எனக்குச் சரியாக ஞாபகமில்லை. மலாய் ஆட்கள் யாராவது இதைப் படித்தால் பார்த்துத் திருத்திவிடுங்கள். கழுவினதால் பழுதானதா, மழையால் பழுதானதா என்பதையும் எழுதுங்கள். என் மனம் நோகும் என்று பார்த்து மழை என்று எழுத வேண்டாம்.