ஆண்கள் வார்டு வாசலில் கேட்ட வரம்

எழுபத்து மூன்றாம் வருஷம், ஐப்பசி மழை. என் பிள்ளை ராகவனுக்கு ஜுரம் கொதித்தது. திருவள்ளூரிலிருந்து பாசஞ்சர் ரயிலில் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அவனைச் சேர்த்துக்கொண்டு, என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அடியார்களுக்கு முதலிலிருந்து சொல்கிறேன். ராகவன் முதுகுத்தண்டு மூடாமல், நடு முதுகில் கட்டியோடு பிறந்தவன். பச்சைக் குழந்தையிலேயே ஆபரேஷன் ஆயிற்று. காலில் இரும்புச் சட்டம் மாட்டித்தான் நடப்பான். பாதத்தில் சூடு உறைக்காது. சிறுநீரும் தானாக முழுசாகப் பிரியாது. வேளாவேளைக்கு அடிவயிற்றை அழுத்தி எடுக்க வேண்டும். தேங்கினால் சிறுநீரகம் போய்விடும் என்று குழந்தைகள் ஆஸ்பத்திரி டாக்டரம்மா எச்சரித்திருந்தார். அந்த வேலையில் வேறு யார் கையையும் நான் நம்பியதில்லை.

அந்த டாக்டரம்மா மகராசி. பன்னிரண்டு வயசு தாண்டியும் இரண்டு வருஷம் அவனைத் தள்ளாமல் பார்த்தார். அவர் ஓய்வு பெற்றதும், இனி பெரியவர்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்றார்கள். இங்கே இவனை யாருக்குத் தெரியும்? இப்படிப் பிறந்து இத்தனை வயசு வந்தவர்களை அதிகம் பார்த்ததில்லை என்றே ஒரு டாக்டர் சொன்னார்.

சாயங்காலம் வார்டு ஆள் வந்து நின்றார்.

"இன்னாம்மா, இது ஆம்பள வார்டு. பொம்பள தங்கக் கூடாது. ஊட்ல ஆம்பள யார்னா இருந்தா இட்டுக்கினு வா."

என் அகத்துக்காரருக்குக் கோயில் கைங்கரிய முறை. மறுநாள் மத்தியானம்தான் வர முடியும். நான் சண்டைக்காரி, ஊரறியும். கத்திப் பார்த்தேன், பலிக்கவில்லை. ராகவன்தான், "அம்மா, நீ போ. நான் பாத்துக்கறேன்" என்றான். ஜுரத்தில் பிதற்றுகிறான் என்று நினைத்தேன்.

அமாவாசை தவறாமல், இவன் நோய் தீரக் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தவள் நான். அந்த உரிமையில் வாசலில் உட்கார்ந்து எங்கள் ஊர்ப் பெருமாள் வீரராகவனோடும் சண்டை போட்டேன். வைத்தியன் என்று பேர் வாங்கியிருக்கிறாயே, என்னை உள்ளே விடு, முடியாவிட்டால் இவன் உடம்பைத் தெரிந்த ஒருவரையாவது பக்கத்தில் வை என்று அழுதேன்.

காலையில் உள்ளே விட்டார்கள். ஓடினேன். ராகவன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஜுரம் தணிந்திருந்தது. குளிருக்கு நர்ஸ் காலடியில் வெந்நீர்ப் பை வைக்க வந்தபோது, உறைக்காது, வெந்துவிடும் என்று தடுத்திருக்கிறான். ஒத்துக்கொள்ளாத மருந்தின் பேரைச் சொல்லியிருக்கிறான். வயிற்றைத் தானே அழுத்திச் சிறுநீரையும் எடுத்திருக்கிறான். எப்போதடா கற்றாய் என்றேன்.

"தெனம் நீ பண்றதப் பாத்துண்டுதானே இருக்கேன்."

டாக்டர் ஏதோ கேட்டார். வழக்கம்போல நான் வாயெடுத்தேன். "நீங்க இருங்கம்மா, அவன் சொல்லட்டும்" என்றார். பதினாலு வயசுப் பிள்ளை, கூச்சமில்லாமல், கோவையாகச் சொன்னான். டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். என் பிள்ளையா இது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. உடம்பைத் தெரிந்த ஒருவரைக் கேட்டேனே, பெருமாள் அவனையே அல்லவா ஆயத்தம் செய்து வைத்திருந்தான்!

இப்போது அவனுக்குப் பத்தொன்பது வயசு. கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் டைப் அடிக்கிறான், அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். ஆஸ்பத்திரிக்குத் தானே போய்வந்து, அப்புறம்தான் எனக்குச் சொல்கிறான். கோபம் வருகிறது. சேவிக்கும்போது கண் நிறைகிறது.

உங்கள் அகத்திலும் இப்படி ஒரு குழந்தை இருந்தால் பெருமாளை நம்புங்கள். அந்தக் குழந்தையையும் நம்புங்கள்.