அறுத்துப் பார்க்கிறவர்

கம்பியைக் காதருகே பிடித்து, சாவியால் ஒரு தட்டு. ஓசை அடங்கும்வரை கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "சத்தம் பொய் சொல்லும்" என்று கீழே வைக்கிறார் ஷேக் முகைதீன். பிறகு எதற்குத் தட்டினீர்கள் என்று கேட்டால் முறைப்பார்.

புணே நகரின் கேம்ப் பகுதியில், இடித்த பங்களாக்களின் கேட்டும் கிராதியும் வாங்கி விற்கிற கடை அவருடையது. பூர்வீகம் மேலப்பாளையம். டீயில் சர்க்கரை போடுவதைக் கண்ணால் பார்த்தால்தான் குடிப்பார். அவரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், "யாரு அனுப்புனா ஒங்கள?" என்றார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் கேட்டார்.

அவர் தேடுவது தேனிரும்பு, அதாவது ராட் அயர்ன். இப்போது பட்டறைகளில் அந்தப் பெயரில் விற்பதெல்லாம் பெரும்பாலும் சாதாரண ஸ்டீல்தான். பழைய அசலை அடித்து அடித்து நீட்டியிருப்பார்கள்; கசடு நார்நாராக உள்ளே ஓடியிருக்கும். சாமானில் வெளியே தெரியாத ஓரத்தில் பாதி அறுத்து, மடக்கி ஒடிப்பார். கரும்பு மாதிரி நார் பிரிந்தால் அசல். மொழுக்கென்று முறிந்தால், "கியா பாய், நம்மகிட்டயேவா?" என்று ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

போன வாரம் வந்த கேட் மட்டும் அவரைப் பாடாய்ப்படுத்தியது. கொண்டுவந்தது மனைவி சைனபுவின் தம்பி யூசுஃப். வாங்குவதற்குப் புறநகர்ச் சாங்வியில் ஆள் தயார். போலியென்று பிறகு தெரிந்தால் கடையின் பெயர் போய்விடும். ஆனால் சைனபு வீட்டிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்: "எந் தம்பி சாமான்ல ரம்பம் வச்சியள்னா, அவன் நம்ம வாசப்படி ஏற மாட்டான். நானும் ஒங்ககிட்ட பேச மாட்டேன்."

மூன்று நாள் கேட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். நேற்று மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கீழ்மூலையில் ஒரு சுருளை அறுத்து மடக்கினார். நார்நாராகப் பிரிந்தது. சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன், அசலைப் போய் அறுத்துவிட்டோமே என்று முகம் செத்துவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து அக்காவும் தம்பியும் சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே வந்தார்கள். அவர் அவசரமாக அந்த மூலைக்கு முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"கேட்ட சோதிச்சியளா மச்சான்?" என்றார் யூசுஃப்.

"ஒங்க சாமான எதுக்கு மாப்ள சோதிக்கணும்?"

சைனபு தூக்கைக் கீழே வைத்தார். தம்பிக்குத் தெரியாதபடி குறுக்கே நின்றுகொண்டு, கணவரின் சட்டைக் கையில் ஒட்டியிருந்த இரும்புத்தூளை முந்தானையால் தட்டிவிட்டார்.