கிட்டுக்கு வைத்தியம்

செத்துப்போன கிருமி காய்ச்சல் கொடுக்குமா? சிரிக்காமல் பதில் சொல்லுங்கள். கொடுக்கும் என்பதுபோலத்தான் ஒரு மனிதருக்குக் குடல் ஓட்டையாகும்வரை மாத்திரை கொடுத்தார்கள்.

அவர் சாரம் கட்டுபவர். கட்டடம் எழும்ப எழும்ப, வெளிச்சுவரோரம் இரும்புக் குழாய்களை முடுக்கிக்கொண்டே மேலே போவார். சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பதால் எல்லோருக்கும் அவர் 'பல்லி'. யாராவது பயந்து பார்த்தால், "வால் அறுந்தாலும் முளைச்சிடும், போய் வேலையப் பாருங்கடா!" என்று மேலிருந்து கத்துவார்.

மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீருக்கு நடுவே, தகரக் கொட்டகையில் படுத்தவருக்கு மலேரியா வந்தது. வேலையிட மருத்துவர் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை டெஸ்ட் கிட்டில் விட்டார். இரண்டு கோடு விழுந்தது, மலேரியாதான். மாத்திரை தின்றார், தேறினார், மறுபடி மேலே ஏறினார். அதுவரை சரி.

சில நாட்களில் மறுபடி காய்ச்சல். இந்த முறை விடாமல் காய்ந்தது, வயிறும் வலித்தது. மறுபடி இரண்டு கோடு, மறுபடி மலேரியா மாத்திரை. குறையவில்லை. மூன்றாம் முறை மனைவியும் கூடப் போனார்.

"டாக்டர், வயித்தத் தொட்டாலே துடிக்கிறாரு. ஒரு தடவ பாருங்களேன்."

"டெஸ்ட் கிட்டுலயே மலேரியான்னு காட்டுதேம்மா. அதுக்கு மேல நான் என்ன பாக்கணும்?"

"காய்ச்சல் கிட்டுக்கா வந்திருக்கு? ஆளைப் பாருங்க!"

"டாக்டர் நீயா, நானா?"

பல்லி முனகினார்: "விடும்மா. அவரு கிட்டுக்குத்தான் வைத்தியம் பாக்குறாரு."

மறுநாள் வயிறு பலகைபோல இறுகிவிட்டது. பொது மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் தேடினார்கள். ஒரு மலேரியாக் கிருமிகூட இல்லை. வந்திருந்தது டைபாய்டு. அது குடலை அரித்து ஓட்டை போட்டிருந்தது.

கிட் பொய் சொல்லவில்லை. அது தேடுவது கிருமியை அல்ல, கிருமி விட்டுச்செல்லும் புரதத்தை. கிருமி செத்த பிறகும் அந்தப் புரதம் வாரக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். இது என்ன ராணுவ ரகசியமா? பெட்டிக்குள் மடித்து வைத்த தாளிலேயே அச்சடித்திருக்கிறது. படிக்க யாருக்கு நேரம்? மேஸ்திரிக்கு ஆள் சீக்கிரம் சாரம் ஏற வேண்டும், மருத்துவருக்கு வரிசை சீக்கிரம் நகர வேண்டும். கூலிக்காரனின் வயிற்றில் ஒரு நிமிடம் கை வைத்துப் பார்த்திருந்தால் எந்தக் கட்டடம் இடிந்து விழுந்திருக்கும்?

பிழைத்துவிட்டார். குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்திருக்கிறார்கள். இனி பளு தூக்கக் கூடாதாம். கொட்டகை வாசலில் உட்கார்ந்து, "அந்தக் குழாய எவன்டா முடுக்கினான்? ஆடுது பாரு!" என்று கத்துகிறார். மேலே இருப்பவர்களுக்குக் கேட்பதில்லை.

மலேரியா தீர்ந்த சில வாரங்களில் உங்கள் வீட்டில் ஒருவருக்கு மறுபடி காய்ச்சல் வந்தால், கோடு விழுந்ததும் எழுந்து வந்துவிடாதீர்கள். "இப்பதான் மலேரியா மாத்திரை தின்னு முடிச்சாரு" என்று உரக்கச் சொல்லுங்கள். ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள், வேறு காய்ச்சலையும் தேடச் சொல்லுங்கள். முறைத்தால் முறைக்கட்டும். நோயாளியைத் தொட்டுப் பார்க்கும்வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள்.