தராசுக்காரியின் பிடிவாதம்

துணி ஆலையை மூடியதும், வேறு வேலை கிடைக்கும் வரை என்றுதான் அவள் சுகாதார நிலையத்தில் சேர்ந்தாள். தோளில் தராசை மாட்டிக்கொண்டு வீடு வீடாகக் குழந்தைகளை எடை போட்டதில், தராசுக்காரி என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. வேறு வேலை தேடுவதை எப்போது விட்டாள் என்று அவளுக்கே நினைவில்லை. “நானும்தான் இளைச்சுட்டே போறேன், என்னை எடை போட ஒரு ஆள் இல்லை” என்பான் லாரி ஓட்டும் கணவன்.

அந்த ஆண்டு அவள் தூக்கத்தைக் கெடுத்தது, சாக்குத் தைப்பவளின் கடைக்குட்டி. வயது இரண்டாகியும் நடக்கவில்லை, அழக்கூடத் தெம்பில்லை. கையைச் சுற்றி அளக்கும் வண்ணப் பட்டை, உயிருக்கே ஆபத்து என்னும் சிவப்பில் நின்றது. நிலையத்தில் தந்த சத்து விழுதுப் பொட்டலங்களை வாராவாரம் கொண்டுபோய்க் கொடுத்தாள். பொட்டலங்கள் காலியாயின, பிள்ளை தேறவில்லை.

“இன்னும் ஒரு வாரம் பார்ப்போம். இல்லேன்னா பெரிய ஆஸ்பத்திரிதான்” என்றார் டாக்டரம்மா. கடைக்குட்டியோடு தாயும் அங்கே போய்த் தங்கினால் மற்ற இரண்டு பிள்ளைகளை யார் பார்ப்பது?

மறுநாள் சாப்பாட்டு வேளையில் தராசுக்காரி சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றாள். ஒரே பொட்டலத்தை மூன்று பிள்ளைகளும் விரலால் வழித்துக்கொண்டிருந்தார்கள்.

சாக்குத் தைப்பவளின் முகம் சுண்டிப்போனது. “திட்டுறதுன்னா திட்டிடுக்கா. பெருசுங்க ரெண்டும் வாயைப் பார்த்துட்டு நிக்கும்போது இவனுக்கு மட்டும் எப்படி ஊட்டுறது? நீயா இருந்தா ஊட்டுவியா?”

நாக்கு நுனிவரை வந்த வசவை விழுங்கிவிட்டு, “மாட்டேன்” என்றாள் தராசுக்காரி.

அன்றே அந்த வீட்டு வரிசை முழுக்கக் கதவைத் தட்டினாள். ஆளுக்கொரு பிடி தானியம், பருப்பு. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பானையில் கஞ்சி. “எங்க வீட்டு அடுப்பே எரியலை, நீ வேற!” என்று கதவைச் சாத்தியவர்களிடம் மறுநாளும் போனாள்.

“தானியம் வேணாம். கிண்டிவிட ஒரு கை குடுங்க, போதும்.”

பெருசுகள் கஞ்சியில் மும்முரமாக இருக்க, கடைக்குட்டியை மடியில் போட்டு விழுதைத் துளித்துளியாக ஊட்டினாள். அவன் துப்பினான், துடைத்துவிட்டு மறுபடி ஊட்டினாள். “துப்புறதுல நீ கெட்டிக்காரன்னா, ஊட்டுறதுல நான் கெட்டிக்காரிடா!”

வார முடிவில் தராசு முள் மயிரிழைதான் நகர்ந்தது. அதைக் காட்டியே டாக்டரம்மாவிடம் இன்னும் ஒரு வாரம் வாங்கினாள். பிறகு இன்னொன்று. பட்டை மெல்ல மஞ்சளுக்கு வந்தது.

ஒருநாள் ஊட்டிய விரலை அவன் நறுக்கென்று கடித்தான். தராசுக்காரியின் அலறல் கேட்டுத் தாய் பதறி ஓடிவந்தாள்.

“விடு, கடிக்கட்டும்!” கண்ணில் நீர் முட்ட தராசுக்காரி சிரித்தாள். “பிள்ளைக்குப் பசிக்குதுடி!”

மழைக்காலம் முடிவதற்குள் அவன் சுவரைப் பிடித்து நடந்தான். அவளோ தராசோடு அடுத்த வரிசைக்குப் போயிருந்தாள்.