மூக்கருக்கு எட்டாத நாற்றம்

சோப்புத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் முகர்ந்தே சம்பளம் வாங்கியவருக்கு மூக்கர் என்ற பெயர் தானாக ஒட்டிக்கொண்டது. வாசனை எண்ணெயைக் காகிதப் பட்டையில் தொட்டுத் தருவார்கள். அவர் முகர்ந்து பார்த்து "சரி" என்பார், அல்லது "சரியில்லை" என்பார். அந்த ஒரு சொல்லுக்காக வாசலில் லாரிகள் காத்து நிற்கும். மூக்கைப் பற்றி அவருக்குக் கர்வம் என்று சொல்ல முடியாது. தரையின் மேல் காலுக்கு இருக்கும் நம்பிக்கைதான் அவருக்கு மூக்கின் மேல் இருந்தது.

அதை அசைத்தவள் மனைவியின் தங்கை. நகரப் பேருந்து ஓட்டுகிறவள். திங்கட்கிழமை மாலை, வேலை முடிந்து திரும்பும் வழியில் மனைவியையும் அவளையும் காரில் ஏற்றிக்கொண்டார். முன்சீட்டில் உட்கார்ந்தவள் முதல் காரியமாகக் கண்ணாடியை இறக்கினாள்.

"என்ன மாமா, காருக்குள்ள யாரையாவது புதைச்சு வெச்சிருக்கீங்களா?"

"ஏன்?"

"நாத்தம் குடலைப் புரட்டுது. ஏசி ஃபில்டர் எப்ப மாத்துனீங்க?"

"ஏசிக்கு ஃபில்டர் இருக்கா?"

"நல்லா கேட்டீங்க போங்க. ஊரு சோப்பை எல்லாம் மோந்து பாக்குற மூக்கு, சொந்த கார்ல லீவு போட்டுடுச்சு போல."

அவள் சிரித்தாள். பின்சீட்டில் இருந்த மனைவி சிரிக்கவில்லை. "சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு நான் ரெண்டு மாசமா வாயே திறக்கல," என்றாள்.

மூக்கர் மூச்சை இழுத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

வருகிற புதன்கிழமை தொழிற்சாலையில் முகர்கிறவர்களுக்கெல்லாம் சோதனை. பத்துப் பட்டைகளில் ஒன்பதையாவது சரியாகச் சொல்ல வேண்டும். போன வருடம் தவறிய ஒருவரை அட்டைப்பெட்டி ஒட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். சம்பளத்தில் கை வைக்கவில்லை. ஆனாலும் அந்த மனிதர் அதற்குப் பிறகு யாரோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. மூக்கர் இதையெல்லாம் வீட்டில் சொல்லவில்லை. ஐந்து நாளாகத் தட்டில் விழுந்ததை எல்லாம் இரண்டு தரம் முகர்ந்து பார்த்துவிட்டே சாப்பிட்டார்.

சனிக்கிழமை காலை காரை எடுத்துப் போய்ப் புது ஃபில்டர் வாங்கி வந்தார். தூறல் போட்டுக்கொண்டிருந்ததால் கதவுகளைச் சாத்திக்கொண்டு உள்ளேயே வேலையைத் தொடங்கினார். மச்சினி ஃபோனில் சொல்லியிருந்தபடி, முன்சீட்டுக்கு எதிரே இருந்த டேஷ்போர்டு பெட்டியைக் காலி செய்தார். பழைய ரசீதுகள், எரியாத டார்ச், எந்தப் பூட்டுக்கும் சேராத ஒரு சாவி. பெட்டியின் இரண்டு பக்கத்தையும் உள்பக்கமாக அழுத்தியதும் அது முழுசாகக் கீழே தொங்கியது. பின்னால் நீளமாக ஒரு மூடி. அதன் முனைகளை நெம்பி எடுத்து, உள்ளே கைவிட்டு இழுத்தார்.

வெள்ளையாக இருந்திருக்க வேண்டியது கரிபிடித்த சட்டியின் அடிபோல வந்தது. மடிப்புகளுக்குள் மட்கிய இலைகள், பூச்சி இறகுகள், எங்கிருந்தோ சேர்ந்த பஞ்சு. மூக்கருகே கொண்டுபோனார். தூசி தெரிந்தது. மறுபடியும் மூச்சை இழுத்தார். தூசிதான்.

இவ்வளவு அழுக்கு நாறாமல் இருக்காது. அப்படியானால் இங்கே இல்லாமல் போனது நாற்றமல்ல, மூக்கு.

"என்னங்க, கொஞ்சம் வந்து ஸ்டூலைப் பிடிங்களேன்," என்று வீட்டுக்குள்ளிருந்து மனைவி கூப்பிட்டாள். ஃபில்டரைச் சீட்டில் போட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போனார். அவள் துவைத்த திரைச்சீலையை மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கொக்கி மாட்டினால் இன்னொன்று கழன்றது. பத்து நிமிடத்துக்கு மேல் ஆயிற்று.

"ஸ்டூல் ஏன் ஆடுது? கவனம் எங்க இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு யாராவது ஸ்டூலை விட்டுட்டு நிப்பாங்களா?"

கடைசிக் கொக்கி மாட்டியதும் வெளியே வந்தார். தூறல் விட்டிருந்தது. கார் கதவைத் திறந்தார்.

யாரோ முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. இரண்டடி பின்வாங்கி மதில்சுவரில் முட்டிக்கொண்டார். கண்ணில் நீர் முட்டியது. பிறகு தலையை உள்ளே நுழைத்து, தாகத்தில் தண்ணீர் குடிக்கிறவரைப் போல அந்த நாற்றத்தை இழுத்தார். இழுத்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார்.

ஐந்து பட்டைக்கு ஒருமுறை, "மூக்கு களைச்சிருக்கும், போய்க் காத்து வாங்கிட்டு வாங்க" என்று மற்றவர்களை முற்றத்துக்குத் துரத்துகிறவர் அவர்தான். தன் மூக்கை மட்டும் நாளெல்லாம் உழைத்த களைப்போடு தினமும் காரில் ஏற்றினார். நாற்றமோ ஒரே நாளில் வரவில்லை, இம்மி இம்மியாக வளர்ந்தது. மூக்கு அதையும் வண்டியின் ஒரு பாகமென்று எண்ணிவிட்டது. இன்று காலையும் மூடிய காருக்குள் அதிலேயே ஊறிக்கொண்டு தீர்ப்புக் கேட்டிருக்கிறார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். முதுகைத் தேடிக் கண்ணாடியில் பார்க்கவாவது தோன்றும். பழகிய நாற்றத்தைத் தேட அதுவும் தோன்றாது.

சிரிப்புச் சத்தம் கேட்டு மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"என்னாச்சு?"

"நாறுது!"

"ரெண்டு மாசமா நாறுது. அதுக்கா இந்தச் சிரிப்பு?"

புதன்கிழமைச் சோதனையைச் சொன்னார். அட்டைப்பெட்டிக்காரரைப் பற்றியும் சொன்னார். அவள் மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

"அதான் அஞ்சு நாளா தட்டுல மூக்கை விட்டுக்கிட்டு இருந்தீங்களா? என் சமையல்தான் கசந்து போச்சோன்னு நான் உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டு இருந்தேன். சொன்னா என்னவாம்?"

"நீ மட்டும் ரெண்டு மாசமா சொன்னியா?"

"சரி, கணக்கு தீந்துச்சு."

"இரு, பேசாத." கண்ணை மூடி மெதுவாக முகர்ந்தார். "அடியில மட்குன இலை. அதுக்கு மேல ஈரப் பஞ்சு. கடைசியா, ரொம்ப லேசா... எலி."

"எலியா!" அவள் வாசற்படி ஏறிவிட்டாள்.

அந்தப் பள்ளத்தைத் துடைத்து, அதற்குள் புது ஃபில்டரை, அம்புக்குறி பழையதில் இருந்தது போலவே கீழே பார்க்கும்படி, தள்ளினார். மூடி சரியாக உட்கார்ந்து 'டக்' என்றது. பழையதை ஒரு பையில் போட்டுக்கொண்டு தெருமுனைக் குப்பைத்தொட்டிக்குக் கிளம்பினார்.

"பை வாயைக் கட்டிக்கிட்டுப் போங்க!" என்று மனைவி கத்தினாள்.

கட்டவில்லை. எதிரே வந்தவர்கள் முகம் சுளித்து ஒதுங்கி வழிவிட்டார்கள். மூக்கர் அவசரமே இல்லாமல் நடந்தார்.