வெள்ளை மூட்டை, மஞ்சள் மூட்டை

நான் ஒரு சொல்லை மாற்றினேன். அதனால் ஒரு நஞ்சு தடையிலிருந்து தப்பியது. யாரும் என்னை மிரட்டவில்லை. தெரிந்தே செய்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளில், மறைமலை நகரில் ஒரு ஃபோம் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்தேன். வீடு தாம்பரத்தில். கார் இருக்கைக்கும் மெத்தைக்கும் ஃபோம் செய்தோம். அது சீக்கிரம் தீப்பிடிக்காமலிருக்க ஒரு ரசாயனம் கலப்போம். தேன்போல் கெட்டியான திரவம். ஆனால் அது ஃபோமோடு நிரந்தரமாகப் பிணைவதில்லை. நாளாக ஆகத் தூசியோடு வெளியே வரும். மூச்சில் போகும், விரலில் ஒட்டி வாய்க்குப் போகும், உடம்பின் கொழுப்பில் தங்கும், தாய்ப்பாலிலும் இறங்கும். நான் வேதியியலில் எம்.எஸ்ஸி. இதெல்லாம் எனக்குத் தெரியும்.

குழந்தைகளுக்கு ஆபத்து என்று ஐரோப்பாவில் அதைத் தடை செய்தார்கள். அது கலந்த சரக்கை இனி இறக்க முடியாது என்று எங்கள் வெளிநாட்டு வாடிக்கையாளர் எழுதிவிட்டார். ஏற்றுமதி ஃபோமில் மறுநாளே நிறுத்தினோம். கிடங்கில் மிஞ்சிய பீப்பாய்களை உள்ளூர் மெத்தையில் கலந்து தீர்ப்பது என்று முடிவாயிற்று. குரோம்பேட்டைக் கடைகளில் ‘தீப்பிடிக்காத மெத்தை’ என்று பலகை வைத்து விற்றார்கள். அந்த ஊர்க் குழந்தைக்கு ஆகாதது இந்த ஊர்க் குழந்தைக்கு மட்டும் ஆகுமா? இன்று கேட்கிறேன். அன்று கேட்கவில்லை.

அந்தச் சமயம் மெத்தைகளுக்கான விதிகளை வகுக்க அரசு ஒரு குழு அமைத்தது. தொழிற்சாலைகள் சார்பில் என்னை அழைத்தார்கள். ஆங்கில வரைவில் ஒரு வரி, இந்த ரசாயனத்தைச் சேர்க்கக் கூடாது என்றது. ‘ஷல் நாட்’ என்று எழுதியிருந்தார்கள். விதி எழுதுகிறவர்களுக்கு ‘ஷல்’ என்றால் கட்டளை. ‘ஷுட்’ என்றால் புத்திமதி. கேட்டால் கேள், இல்லாவிட்டால் போ.

முதலாளி படித்துவிட்டுச் சிரித்தார். “சார், நீங்கதான் இங்கிலீஷ்ல புலியாச்சே. ஷல்லை ஷுட் ஆக்கிடுங்க. கிராமர் கரெக்‌ஷன்னு சொல்லுங்க, யாரும் கேக்க மாட்டாங்க.”

கூட்டத்தில் அப்படியே சொன்னேன். சிறு தொழிற்சாலைகள் தாங்காது என்று ஒரு காரணத்தையும் சேர்த்துக்கொண்டேன். எதிரே இருந்த பேராசிரியை மட்டும், “அப்ப இந்த வரியே எதுக்கு சார்? எடுத்துடலாமே” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீ வந்தது. டீ குடித்து முடிப்பதற்குள் சொல் மாறிவிட்டது.

ஃபோம் வெட்டும்போது விழும் துண்டுகளை மூட்டை கட்டி விற்போம். ஏற்றுமதித் துண்டு வெள்ளைச் சாக்கில், உள்ளூர்த் துண்டு மஞ்சள் சாக்கில். இரண்டும் கலந்துவிடக் கூடாது என்று அந்த நிறங்களை ஏற்படுத்தியவனும் நான்தான். அனகாபுத்தூரிலிருந்து ஒரு பெண் வந்து வாங்கிப்போவாள். துண்டுகளைக் கையால் பிய்த்துத் தலையணையில் அடைப்பது அவள் பிழைப்பு. ஒருநாள் இடுப்பில் கைக்குழந்தையோடு என்னை நிறுத்தினாள்.

“சார், இன்னாத்துக்கு ரெண்டு கலரு? மஞ்சள்ல எதுனா கீதா? நான் பிச்சிகினு இருக்கச்சொல்ல புள்ள அந்தக் குவியல் மேலதான் தூங்குது.”

“ரெண்டும் ஒண்ணுதாம்மா. சும்மா அடையாளத்துக்கு” என்றேன்.

அவள் அன்றும் மஞ்சள் மூட்டையைத்தான் தூக்கிக்கொண்டு போனாள்.

ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குத் துணிவு வந்தது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. என் திருத்தம் இலக்கணத் திருத்தம் அல்ல, சரக்கை விற்பதற்கான திருத்தம், பழைய சொல்லையே வையுங்கள் என்று குழுவுக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். மூன்றாவதற்குப் பதில் வந்தது. என் கருத்து உரிய காலத்தில் கவனிக்கப்பட வேண்டியது என்று ஆங்கிலத்தில் ஒரே வரி. அதிலும் ‘ஷுட்’தான். காகிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு நானே எடுத்து நீவி வைத்தேன். அந்தப் பாடத்தை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தானே.

பிறகு பல்லாவரத்தில் பஸ் மாறி அனகாபுத்தூருக்குப் போனேன். துண்டு வாங்கும் அந்தப் பெண்ணின் வீட்டுக்குள் ஃபோம் இடுப்பளவு குவிந்திருந்தது. நான்கு வயதாகியிருந்த அந்தக் குழந்தை அதன்மேல் குதித்துக்கொண்டிருந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

பிய்த்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது. “நீ எது மேல சார் படுக்கற?”

“இலவம் பஞ்சு மெத்தை.”

“அக்கா, இங்க வாயேன்!” என்று பக்கத்து வீட்டை நோக்கிக் கத்தினாள். “சாருக்கு இலவம் பஞ்சாம்! நமக்கு மஞ்ச மூட்டையாம்!” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “புள்ளைக்கு இன்னா ஆவும்?”

“ஒண்ணும் ஆகாமலும் போகலாம்மா.”

“போலாமா? ஆவும், ஆவாது. ரெண்டுல ஒண்ணு சொல்லு சார். படிச்சவன்தானே நீ?”

மறுபடியும் அதே வகைச் சொல் என் வாயில் வந்து நின்றது. தெரியாது என்று ஒப்புக்கொண்டேன். அவள் குழந்தையைக் குவியலிலிருந்து இறக்கி, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டாள். என்னை உட்காரச் சொல்லவில்லை.

அடுத்த வாரமே அவளும் அந்தத் தெருப் பெண்களும் தொழிற்சாலை வாசலில் மஞ்சள் மூட்டையைத் தொட மறுத்தார்கள். நான் செய்த பரிகாரம் பலித்தது என்று ஒரு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் தொழிற்சாலையில் பழைய பீப்பாய்கள் தீர்ந்ததும், வேறு ஊர்களில் ஒதுக்கியவற்றை மலிவாக வாங்கி அதே வேலையைத் தொடர்ந்துகொண்டிருந்தார்கள். விதியில் தடை இல்லையே.

ஒரு நாள் காலை அவள் என் முகவரியை விசாரித்துத் தாம்பரத்துக்கே வந்துவிட்டாள். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று, மடியிலிருந்து இரண்டு பிடி ஃபோம் துண்டை எடுத்துக் காட்டினாள்.

“இப்ப எல்லா மூட்டையும் வெள்ளைதான் சார். இதுல எது மஞ்சளு?”

தொட்டுப் பார்த்தேன். முகர்ந்து பார்த்தேன். முப்பது வருடம் அந்தத் தொழிலில் இருந்தவன், எனக்குத் தெரியவில்லை.