ஈரத்தோடு மடித்த வண்டி

வெயிலில் காய்ந்த கன்வஸ் சீலைக்கு மெழுகும் மண்ணெண்ணெயும் கலந்ததுபோல ஒரு மணம் உண்டு. எழுபதுகளின் நடுப்பகுதியில், மெல்பேர்னின் கிளேட்டனில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்வளவில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அந்த மணம் குசினி யன்னல்வரை வரும். காரில் கட்டி இழுக்கும் எங்களுடைய மடிப்புக் கரவனை அப்பா விரித்துக் காயவைக்கிறார் என்று அர்த்தம்.

மடித்திருக்கும்போது அது இடுப்பளவு உயரமுள்ள ஒரு தட்டைப் பெட்டி. கூரையைத் தூக்கினால், உள்ளே படுத்திருந்த ஒட்டுப்பலகைச் சுவர்கள் கீலில் நிமிரும். அவற்றுக்கு மேலே கன்வஸ் விரிந்து கூரையைத் தொடும். உள்ளே இரண்டு கட்டில்கள், ஒரு காஸ் அடுப்பு, மடக்கு மேசை. அம்மா அதை "மடிப்பு வீடு" என்றார். "உலகத்திலை வீட்டை மடிச்சுக் காருக்குப் பின்னாலை கட்டி இழுக்கிற முதல் யாழ்ப்பாணத்தான் நீங்கள்தான்" என்று அப்பாவைச் சீண்டுவார். "உம்மையும் சேத்து மடிக்கலாமெண்டால் இன்னும் வசதி" என்பது அப்பாவின் பதில். பழைய சொந்தக்காரர் விற்கும்போது சொல்லிக்கொடுத்த ஒரே விதியை அப்பா மந்திரம்போலச் சொல்லிக்கொண்டிருப்பார்: "ஈரத்தோடை மடிக்கக் கூடாது. சீலை பூஞ்சணம் பிடிச்சுப் போயிடும்."

அப்பா ஒரு பொறியியல் நிறுவனத்தில் வரைபடக்காரர். அவுஸ்திரேலியா வந்து மூன்று வருடங்களில் அவர் எடுத்த முதல் நீண்ட விடுமுறை ஒரு சனவரியில்தான் வந்தது. ரோஸ்பட் கடற்கரையின் கரவன் முகாமில் ஒரு வாரம் தங்குவதாக ஏற்பாடு. அம்மா இரண்டு நாட்களாக மிளகாய்த்தூளும் அரிசியும் கட்டிக்கொண்டிருந்தார். மூன்று வருடங்களாக அவர் கடலில் கால் நனைத்ததில்லை. பருத்தித்துறையில் பிறந்து வளர்ந்தவருக்கு அது சின்ன விஷயமல்ல.

புறப்படவிருந்த திங்கட்கிழமை காலை தந்தி வந்தது. வாசலில் நின்ற நான்தான் வாங்கினேன். எனக்கு ஒன்பது வயது. அப்பா காருக்கும் கரவனுக்கும் நடுவே குந்தியிருந்து பின்விளக்குக் கம்பியைப் பொருத்திக்கொண்டிருந்தார். உறையைக் கிழித்துப் படித்தார். பிறகு, கரவனின் இழுவைக் கம்பியில் அப்படியே உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் என்று என்னால் சொல்ல முடியாது. உள்ளேயிருந்து அம்மா இரண்டு தடவை கூப்பிட்டது நினைவிருக்கிறது. எழுந்தவர் தாளைச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"கந்தோரிலையிருந்து வந்தது. அம்மாட்டைச் சொல்லாதை, பிள்ளை."

வேலைசெய்யும் கந்தோரிலிருந்து வரும் தந்தி ஒரு மனிதனை அப்படி உட்கார வைக்காது என்பது ஒன்பது வயதுக்கும் விளங்கும். ஆனாலும் நான் சொல்லவில்லை. காரில் இடம்பிடிக்கும் அவசரம் எனக்கு.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருந்தது, இன்றும் இருக்கிறது. சாவுச் செய்தியை நேரே சொல்ல மாட்டார்கள். முதலில் "கொஞ்சம் சுகமில்லை" என்பார்கள், அடுத்த நாள் "சீரியஸ்" என்பார்கள், அதன் பிறகுதான் உண்மை வரும். தூரதேசத்தில் இருப்பவருக்குப் பரீட்சையோ பிரசவமோ இருந்தால், வாரக்கணக்கில் மறைப்பதும் உண்டு. அதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை. அப்பாவும் நினைக்கவில்லை.

அந்த நான்கு நாட்களில் அப்பா வழக்கத்தைவிட அதிகம் பகிடி விட்டுச் சிரிக்கவைத்தார். அம்மாவைக் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் கூட்டிப்போனார், ஊரில் அப்படிச் செய்ததே இல்லை என்று அம்மா வெட்கப்பட்டார். செவ்வாய்க்கிழமை படகுத்துறையில் மீன் வாங்கி வந்தார். அம்மா மஞ்சளும் தூளும் பிரட்டிப் பொரித்தபோது, பக்கத்துக் கூடாரத்து வெள்ளைக்கார அன்ரி மணம் பிடித்துக்கொண்டு தட்டோடு வந்து நின்றார். அவருக்குத் தும்மல் வந்தது, அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அப்பா படம் எடுத்தார்.

வியாழன் பின்னேரம் மழை பிடித்தது. அம்மா முகாமின் சலவை அறைக்கு உடுப்பு எடுத்துப்போனார். தோய்க்கப் போட முன்னர் சட்டைப்பைகளைத் தடவிப் பார்ப்பது அவருடைய பழக்கம்.

அவர் மழையில் நனைந்தபடி வந்து கரவனின் வாசலில் நின்றார். கையில் தந்தி. ஊரில் அம்மாவின் அப்பா ஞாயிற்றுக்கிழமை காலமானார், செவ்வாய்க்கிழமை தகனம் என்று அதில் இருந்தது. அம்மா என் அப்பாவின் பக்கம் பார்க்கவில்லை. என்னைத்தான் கேட்டார்.

"செவ்வாய்க்கிழமை நாங்கள் என்ன சாப்பிட்டனாங்கள்?"

"மீன் பொரியல்" என்றேன்.

எங்கள் வீடுகளில் சாவு நடந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் அடுப்பேறாது. அம்மா வாரம் தவறாமல் வெள்ளிக்கிழமை விரதம் பிடித்தவர்.

அப்பா கட்டிலில் இருந்து எழுந்தார். "இஞ்சேரும்... போறதுக்கு வழியில்லையெண்டு தெரியும்தானே. எப்பிடியும் செத்தவீட்டுக்குப் போய்ச் சேந்திருக்கேலாது. நாலு நாள் எண்டாலும் நீர் கடலைப் பாக்கட்டும் எண்டு நினைச்சன்."

"அழுறதுக்குப் பிளேன் ரிக்கெட் தேவையில்லை" என்றார் அம்மா.

பிறகு என் பக்கம் திரும்பி, "உனக்குத் தெரியுமோ?" என்று கேட்டார். தந்தி வந்தது தெரியும், என்னவென்று தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மையும். நான் தலையை ஆட்டினேன், அவ்வளவுதான். எதற்கு ஆட்டினேன் என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை. அம்மா அதை ஓம், தெரியும் என்று எடுத்துக்கொண்டார்.

குளியலறைக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார். வெளியே மடக்குக் கதிரையில், மழைக்குள்ளேயே இருந்தார். வெள்ளைக்கார அன்ரி குடையோடு ஓடிவந்து, ஒன்றும் விளங்காமல், அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார். மழை குறைந்ததும் அம்மா சொன்ன சொல் ஒன்றுதான்.

"மடியுங்கோ."

"சீலை நனைஞ்சிருக்கு. காலமை வெயில் வரட்டும்..."

"மடியுங்கோ எண்டு சொன்னனான்."

அப்பா மடித்தார். கூரையை இறக்கும்போது கன்வஸின் மடிப்புகளிலிருந்து தண்ணீர் கட்டில்மேல் வடிந்தது. மறுபக்கத்தைப் பிடிக்க வழக்கமாக அம்மா வருவார். அன்றைக்கு நான் பிடித்தேன். வீட்டுக்குப் போய் விரித்துக் காயவைக்கலாம் என்று அப்பா என்னிடம் மெதுவாகச் சொன்னார். விரிக்கவில்லை. அந்தியேட்டிக்குப் பிறகும் அதன் கொக்கியை அவர் தொடவில்லை. கறுப்புப் புள்ளிகள் சீலையைத் தின்று முடித்தபின், யாரோ ஒருவர் அடிச்சட்டத்துக்காக மட்டும் அதை இழுத்துப்போனார்.

அம்மா அதற்குப் பிறகும் அப்பாவோடு சிரித்துப் பேசினார், சமைத்தார், சண்டை பிடித்தார். ஆனால் தபால் வந்தால் முதல் ஆளாக வாசலுக்குப் போனவர் அவர்தான். அப்பாவோ நானோ எடுத்துக் கொடுக்கும் கடிதத்தில், உறை ஏற்கெனவே திறந்திருக்கிறதா என்று ஒருகணம் பார்ப்பார். அந்த ஒருகணத்தை அப்பா ஒவ்வொரு முறையும் கண்டார்.

சிட்னியில் பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வுபெற்றபின், அந்த வண்டி எங்கே, யாரால் செய்யப்பட்டது என்று தேடத் தொடங்கினேன். ஆட்களின் பிறந்த இடத்தையும் வார்த்தைகளின் மூலத்தையும் தேடி எழுதிப் பழகிய கை, ஒரு பெட்டியின் மூலத்தைக் கண்டுபிடிக்காதா என்ற எண்ணம். பழைய கரவன்களைத் திருத்திப் பாதுகாப்பவர்கள் கூடும் ஒரு மைதானத்துக்குப் போனேன். சின்ன எஞ்சின் கார்கள் இழுக்கவும், காற்று பிடிக்காமல் ஓடவும், கராஜுக்குள் அடங்கவும்தான் இப்படி மடித்தார்கள் என்று ஒரு முதியவர் விளக்கினார். பல வண்டிகளைத் தச்சர்கள் தங்கள் கொட்டகையிலேயே செய்து விற்றார்களாம், பெயர்த்தகடுகூட இருக்காதாம்.

என்னிடம் இருந்த சான்று ரோஸ்பட்டில் அப்பா எடுத்த ஒரே ஒரு புகைப்படம். அவர் பூதக்கண்ணாடி வைத்துக் கீல்களையும் கூரை விளிம்பையும் பார்த்தார். நடுவில் அகப்பையோடு சிரிக்கும் பெண்ணை அவர் பார்க்கவில்லை. அது அவருடைய தேடலும் அல்ல. எப்போது எடுத்தது என்று கேட்டார், வருடம் தெரிந்தால் உதவும் என்றார். வருடமென்ன, கிழமையும் நேரமும்கூட என்னால் சொல்ல முடியும். சொன்னேன். கீலை வைத்துப் பார்த்தால் யாரோ தனியாள் செய்ததுதான், இனிக் கண்டுபிடிக்க முடியாது என்று படத்தைத் திருப்பித் தந்தார்.

தந்திக் கந்தோர்கள் போய்விட்டன. அந்தக் கிளேட்டன் வீடு இருந்த இடத்தில் மாணவர்களுக்கான அடுக்குமாடி நிற்கிறது. அப்பாவும் இல்லை. அவர் மெல்பேர்னில் இறந்த அன்று நான் சிட்னியில் பத்திரிகை மேசையில் இருந்தேன். தொலைபேசியில் அம்மா. பின்னணியில் ஆசுப்பத்திரிக் கட்டில் ஒன்றை உருட்டிப்போகும் சத்தம் கேட்டது.

"பிள்ளை, அப்பா எங்களை விட்டுப் போட்டார். அஞ்சு நிமிசம்கூட ஆகேல்லை. இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, உனக்குத்தான் முதல் சொல்லுறன்" என்றார். பிறகு, நான் அழுது முடிக்கும்வரை ரிசீவரை வைக்காமல் இருந்தார்.